மங்குவுக்கு நொதித்த மூலிகைச் சாறுகள்

கன்னத்திலும் நெற்றியிலும் கரும்பழுப்பாகப் படரும் மங்குவைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும், நொதிக்கவைத்த மூலிகை, தானியச் சாறுகள்.

நம் மருந்துக்கடைகளில் இவற்றின் மூத்த வடிவங்கள் ஆசவமும் அரிஷ்டமும். அரிஷ்டத்துக்கு மூலிகையைக் கஷாயமாகக் காய்ச்சுவார்கள். ஆசவத்துக்குப் பெரும்பாலும் காய்ச்சுவதில்லை. வெல்லமும் காட்டாத்திப்பூவும் சேர்த்து, நெய் தடவிய ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி மண் பூசி, ஏறக்குறைய ஒரு மாதம் அசைக்காமல் வைப்பார்கள். பூவோடு வரும் ஈஸ்ட் வெல்லத்தைச் சாராயமாக்கும். அந்தச் சாராயமே மருந்தைக் கெடாமல் காக்கும். நன்னாரி சேர்ந்த சாரிபாத்யாசவமும் கருங்காலி சேர்ந்த கதிராரிஷ்டமும் தோல் நோய்களுக்கு உள்ளுக்குக் கொடுக்கப்படுபவை. அவை மங்குவைப் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஜாடியும் முக்கியம். நொதித்த சாறு புளிப்பானது. பீங்கான் ஜாடியின் மெருகில் ஈயம் இருந்தால் அதைக் கரைத்துக்கொள்ளும். அகல்விளக்கு, பொம்மை, மின்சாதனப் பீங்கான் சுடும் விருத்தாசலம் போன்ற ஊர்களில் ஜாடி வாங்குவோர், உணவுக்கு ஏற்ற மெருகா என்று கேட்டே வாங்க வேண்டும்.

மங்குவுக்குப் பூச்சாகச் சான்றுள்ளது, தானிய நொதித்தலில் உண்டாகும் கோஜிக் அமிலம். அரிசியில் வளர்க்கும் கோஜிப் பூஞ்சையிலிருந்து 1907இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. மெலனின் உண்டாகத் தேவையான டைரோசினேஸ் நொதியின் தாமிரத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. சிலருக்கு எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சில் இதை 1 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

வெயில் பட்டால் மங்கு திரும்பும். வீட்டில் புளிக்கவைத்த சாற்றை முகத்தில் பூசாதீர்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள்.