கோனனை எண்ணிப் பார்த்தவர்கள்: ஒரு கதைநாயகன் விளையாட்டு விதியான வரலாறு

முன்னுரை

கதையில் வரும் வீரனை வாசகர் உடனிருந்து பார்க்கிறார். விளையாட்டிலோ ஆடுபவர் அந்த வீரனாகவே நடக்க வேண்டும். எத்தனை உயரச் சுவரில் அவன் ஏறுவான், எத்தனை வெட்டு தாங்குவான், எதைக் கண்டு அஞ்சுவான் என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தாளில் குறித்த எண்களும் உருட்டும் பகடையும் துணையாக, ஒரு பாத்திரமாகவே பேசி ஆடும் மேசை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் அச்சேறியது. அன்று தொட்டு அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த கதைநாயகர்களில் ஒருவன், ராபர்ட் இ. ஹோவர்ட் படைத்த கோனன்.

கோனன் விதிகளாக மாறிய வழியை இக்கட்டுரை காலவரிசையில் தொடர்கிறது. முதலில் வந்தவர்கள் கோனன் என்ற ஆளை அளந்தார்கள். பின்வந்தவர்கள் அவன் வாழும் உலகம் எப்படி இயங்குகிறது என்பதை விதியாக்கினார்கள். கோனனை மேசைக்குக் கொண்டுவந்தது இரண்டாவது வழியே என்பது இக்கட்டுரையின் முடிபு.

மூலக் கதையும் ஒரு சோதனைக் களமும்

டெக்சாஸின் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் ஹோவர்ட். கோனன் கதைகளில் முதலாவது, ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் 1932 டிசம்பரில் வெளியானது. அதில் கோனன் நடுவயது அரசன். 1933 மார்ச்சில் வந்த ‘யானைக் கோபுரம்’ கதையிலோ அவன் மீசை அரும்பும் திருடன். பின்னர் கடற்கொள்ளையன், கூலிப்படைத் தலைவன், எல்லைப்புறக் காவலன் என்று முன்பின் மாறி மாறி வந்தான். கோனனைக் கொண்டு ஹோவர்ட் எழுதிய ஒரே முழு நாவல் 1935 டிசம்பர் முதல் 1936 ஏப்ரல் வரை தொடராக வந்தது.

‘யானைக் கோபுரம்’ கதையை இக்கட்டுரை உரைகல்லாகக் கொள்கிறது. யாரா என்ற மந்திரவாதியின் கோபுரத்தில் இருக்கும் மணிக்கல்லைத் திருட வருகிறான் கோனன். தோட்டத்தில் டாரஸ் என்ற பேர்போன திருடனைச் சந்திக்கிறான். டாரஸ் நச்சுத்தூளை ஊதிச் சிங்கங்களைச் சாய்க்கிறான். தப்பி வந்த ஒரு சிங்கத்தை இருட்டில் கோனனின் வாள் வீழ்த்துகிறது. பெண்களின் கூந்தலால் முறுக்கிய கயிற்றைப் பிடித்து இருவரும் ஏறுகிறார்கள். உச்சி அறையில் பெருஞ்சிலந்தி கடித்து டாரஸ் சாகிறான். கோனன் கையருகே கிடந்த நகைப்பெட்டியைத் தூக்கி எறிந்து சிலந்தியைக் கொல்கிறான்.

அடுத்த அறையில் கண் பறிக்கப்பட்டு, சித்திரவதையால் உருக்குலைந்து, யானைத் தலையுடன் ஓர் உயிர் இருக்கிறது. அதைக் கண்டதும் கோனன் முதலில் நடுங்குகிறான். பிறகு அவனுக்கு மனம் கசிகிறது. அது கேட்டபடியே அதன் உயிரை முடித்து, அதன் குருதி தோய்ந்த மணிக்கல்லை யாராவிடம் கொண்டுபோகிறான். யாரா சுருங்கிச் சுருங்கி அந்தக் கல்லுக்குள்ளேயே மறைகிறான். விடியலில் கோபுரம் இடிந்து விழும்போது கோனன் வெறுங்கையோடு வெளியே நிற்கிறான். அச்சம், எட்டிய பொருளை ஆயுதமாக்கும் சாமர்த்தியம், இரக்கம், வெறுங்கை ஆகிய நான்கையும் எந்த விதித்தொகுப்பு தாங்குகிறது என்பதே நமது சோதனை.

1936: முதல் அளவீடு

கோனனை அளக்கும் வேலையை விளையாட்டு உலகம் தொடங்கவில்லை, வாசகர்கள் தொடங்கினார்கள். பி. ஸ்கைலர் மில்லரும், பின்னாளில் ராக்கெட் எரிபொருள் ஆய்வில் பெயர்பெற்ற வேதியியலாளர் ஜான் டி. கிளார்க்கும் சிதறிக் கிடந்த கதைகளை வயது வாரியாக அடுக்கி ஹோவர்டுக்கு அனுப்பினார்கள். 1936 மார்ச்சில் ஹோவர்ட் மில்லருக்கு எழுதிய பதில் இந்த ஆய்வுக்கு அடிப்படையான ஆவணம். கதையுலகின் வெனேரியம் கோட்டைப் போரின்போது கோனனுக்கு வயது 15, உயரம் 6 அடி, எடை 180 பவுண்டு என்கிறார். கோபுரக் கதையில் வயது ஏறக்குறைய 17. அரியணை ஏறியபோது 40 அளவில். பாத்திரத் தாளில் நிரப்பும் விவரங்களை ஆசிரியரே தந்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதே கடிதத்தில் வேறொன்றும் இருக்கிறது. அலைந்து திரிந்த ஒருவன் தன் வாழ்வைச் சொல்லும்போது வரிசையாகச் சொல்ல மாட்டான். நினைவுக்கு வந்ததை வந்தபடி சொல்வான். கதைகள் முன்பின்னாக அமைந்ததற்கு அதுவே காரணம் என்ற பொருளில் ஹோவர்ட் எழுதுகிறார். எண்களைத் தந்த கையே, அடுக்குக்குள் அடங்காத வாழ்வையும் சுட்டிக்காட்டியது. அடுத்த தலைமுறை எண்களை எடுத்துக்கொண்டது. மற்றதை எடுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. கடிதம் எழுதி மூன்று மாதத்தில், ஜூன் 11 அன்று, 30 வயதில் ஹோவர்ட் மறைந்தார்.

1974–1980: ஆளை அளந்த காலம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் டிஎஸ்ஆர் நிறுவன வெளியீடாக வந்தது. அதன் முன்னுரையிலேயே கோனன் கதைகளின் பெயர் உண்டு. 1979இல், மேசையில் கதையை நடத்திச் செல்லும் ஆட்ட நடத்துநர்களுக்கான கையேட்டில் தன்மீது நேரடித் தாக்கம் செலுத்தியவர்களைப் பட்டியலிட்ட கைகாக்ஸ் அங்கும் ஹோவர்டைச் சேர்த்தார்.

கோனனின் எண்களை விளையாட்டின் அதிகாரபூர்வ ஏட்டில் பதித்தது 1976இல் வந்த நான்காம் துணைநூல். ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் எழுதிய அந்த நூலில் பல நாட்டுத் தெய்வங்களோடு ஹோவர்டின் உலகமும் இடம்பெற்றது. அளவு மீறி வளர்ந்த பாத்திரங்களை வைத்து ஆடுவோருக்கு வரம்பு காட்டுவதும் அந்நூலின் நோக்கம் என்பதைப் பதிப்பாசிரியர் டிம் காஸ்கின் முன்னுரை வெளிப்படையாகச் சொல்கிறது. அதில் ஓடின் தெய்வத்துக்கே 300 உயிர்ப்புள்ளிகள்தான் (எவ்வளவு அடி தாங்கலாம் என்பதன் அளவு). அங்கே கோனன் ஒரு முழக்கோல்: ஆடுபவர் தன் வீரனை அருகில் நிறுத்தி உயரம் பார்க்கலாம், கோனனாக வாழ்ந்து பார்க்க வழியில்லை.

1980 ஏப்ரலில் ‘டிராகன்’ என்ற விளையாட்டு இதழின் 36ஆம் எண்ணில் கைகாக்ஸே கோனனை விரிவாக எழுதினார். பருவத்துக்குப் பருவம் மாறும் எண்களைத் தந்தார். போர்வீரன், திருடன் என்ற இரண்டு வகுப்புகளையும், அதாவது பாத்திரத்தின் தொழில்வகைகளையும், ஒன்றாக வழங்கினார். இங்குதான் சிக்கல் வெளிப்படுகிறது. 1978இன் விதிநூல்படி மனிதப் பாத்திரம் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் வளர முடியாது. விளையாட்டுக்கு ஊற்றுக்கண்ணாக இருந்த நாயகனே அதன் விதிக்குள் அடங்காமல், விலக்கு பெற்று உள்ளே வந்தான்.

உரைகல்லில் உரசுவோம். அன்றைய விதிகளில், பாத்திரத்தை அடுத்த நிலைக்கு உயர்த்தும் அனுபவப் புள்ளிகளின் பெரும்பகுதி, மீட்டு வந்த பொன்னின் மதிப்பைப் பொறுத்தது. கோபுரத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய கோனனுக்குச் சிங்கத்துக்கும் சிலந்திக்கும் உரிய சொற்பப் புள்ளிகளே கிடைத்திருக்கும். கதையின் உச்சத்தை அந்தக் கணக்கு தோல்வி என்றே பதிந்திருக்கும்.

1982–2000: அச்சில் வார்த்த ‘பார்பேரியன்’

ஆர்னால்டு ஸ்வார்ஸ்னேகர் நடித்த கோனன் திரைப்படம் 1982இல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ‘டிராகன்’ 63ஆம் இதழில் கைகாக்ஸ் ‘பார்பேரியன்’ (நாகரிகத்துக்கு வெளியே வளர்ந்த முரட்டு வீரன்) என்ற புதிய வகுப்பை வெளியிட்டார். 1985இல் ‘அனெர்த்டு ஆர்கேனா’ நூலில் அது நிலைபெற்றது. உயிர்ப்புள்ளிக்குப் பன்னிரு முகப் பகடை, கனத்த கவசம் இல்லாதபோது கூடுதல் தற்காப்பு, மந்திரப் பொருள்களை அழித்தால் அனுபவப் புள்ளி, தொடக்க நிலைகளில் மந்திரவாதிகளோடு சேரத் தடை என்பவை அதன் கூறுகள். ஹோவர்டின் கோனனுக்கு மந்திரத்தின்மீது உள்ள ஐயம் இங்கே சட்டமாகிவிட்டது. மேசையில் ஆடுவது ஒரு குழு. குழுவில் பெரும்பாலும் ஒரு மந்திரவாதி இருப்பான். தனியனின் வெறுப்பு குழுவுக்கு இடைஞ்சலாயிற்று.

2000இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பு அந்தத் தடைகளை நீக்கி, சினவெறியை வகுப்பின் மையமாக்கியது. வெறி ஏறினால் வலிமையும் தாங்குதிறனும் கூடும், தற்காப்பு குறையும், பிறகு களைப்பு வரும். ஆட்டத்துக்கு அது நல்ல விதிதான். ஆனால் அப்பதிப்பில் எழுத்தறிவின்றித் தொடங்கும் ஒரே வகுப்பும் பார்பேரியனே. 1935இல் வந்த ‘குவாலூரின் மணிகள்’ கதையில் கோனன் வழக்கொழிந்த மொழியில் எழுதிய ஏட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்துப் பொருள் கொள்கிறான். பல நாடுகளில் அலைந்து பல மொழிகள் கற்ற அந்த மனிதனைத் தற்குறியாக்கிய பிறகு மிஞ்சியது கோனனின் தோள்கள் மட்டுமே. இதை இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

1984–1985: அதிர்ஷ்டமும் அச்சமும்

பார்பேரியன் உருவான அதே ஆண்டுகளில், அதே டிஎஸ்ஆர் நிறுவனத்தில் வேறொரு வழியும் திறந்தது. 1984இல் டேவிட் குக் எழுதிய ‘கோனன் அன்செயின்டு!’ சாகசநூல் வழக்கமான விதிகளோடு மூன்றைச் சேர்த்தது: முடியாததை முடித்துக்காட்டச் செலவிடும் அதிர்ஷ்டப் புள்ளிகள், இயற்கை மீறியதைக் கண்டால் வரும் அச்சம், விரைந்து ஆறும் காயம். எறிந்த நகைப்பெட்டி சிலந்தியை நசுக்குவது வலிமை எண்ணால் மட்டும் விளங்காது. அதிர்ஷ்டப் புள்ளியால் விளங்குகிறது. யானைத்தலை உயிரின் முன் நடுங்கிய கோனனுக்கும் முதன்முதலாக ஒரு விதி கிடைத்தது.

1985இல் குக்கே வடிவமைத்த தனிக் கோனன் விளையாட்டு இன்னும் துணிந்தது. வகுப்புகளையும் நிலைகளையும் அது கைவிட்டது. திறமைகள் பலவற்றின் தொகுப்பே பாத்திரம். செயலின் விளைவை நிறங்கள் கொண்ட ஒரே அட்டவணை சொல்லும். மந்திரம் கற்பவனைப் பலவீனங்கள் பற்றும். திருடன், கொள்ளையன், அரசன் மூவரும் ஒரே ஆளாக இருப்பதற்கு இனி விலக்கு தேவைப்படவில்லை.

2004, 2017: உலகத்தை விதியாக்கியவர்கள்

2004இல் மங்கூஸ் பதிப்பகம் மூன்றாம் பதிப்பின், பிறரும் பயன்படுத்தலாம் எனத் திறந்துவிட்ட விதிகளைக் கொண்டே ஒரு கோனன் விளையாட்டை வெளியிட்டது. அதில் கவசம் அடியைத் தடுக்காது, குறைக்கும். தடுப்பதும் விலகுவதும் ஆளின் திறமை. மந்திரத்தை நெருங்கினால் மனக்கறை படியும். மரணத்தின் விளிம்பில் ஊழ்ப்புள்ளி காக்கும். எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது செலவு பற்றிய விதி: கையில் பணம் மிகுந்தால் குடியிலும் கும்மாளத்திலும் அதில் பாதியாவது வாரந்தோறும் கரைந்துபோகும். முதல் பார்வைக்கு இது சில்லறை விதி. ஆனால் ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் கோனன் ஏன் காசில்லாமல் நிற்கிறான் என்பதற்கான விடை இதில் இருக்கிறது. 1974இன் விதி பொன்னைக் குவிக்கச் சொன்னது. 2004இன் விதி பொன்னைக் கரைத்து வீரனை மீண்டும் சாலைக்கு அனுப்பியது.

2017இல் மொடிஃபியஸ் பதிப்பகம் வெளியிட்ட கோனன் விளையாட்டு இதை மேசை முழுவதற்கும் விரித்தது. ஒவ்வொரு சோதனைக்கும் இருபது முகப் பகடைகள் இரண்டு. வெற்றி தேவைக்கு மேல் வந்தால் மிச்சம் குழுவின் உந்துவிசையாகச் சேரும். கூடுதல் பகடை வேண்டுபவர், நடத்துநரின் கேடு என்னும் சேமிப்பில் ஒரு புள்ளியை இட்டு அதைப் பெறலாம். பின்னொரு வேளையில் அந்தப் புள்ளியே கதவுக்குப் பின்னாலிருந்து சிலந்தியாக வரும். துணிந்தவனுக்கே ஆபத்து பெருகும் ஹோவர்டின் கதையோட்டம் இங்கே மேசை நடுவில் குவியும் வில்லைகளாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சாகசத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் களிப்பும் செலவும் இங்கும் உண்டு.

முடிவுரை

நான்கு கூறுகளையும் திரும்ப எண்ணுவோம். அச்சமும் சாமர்த்தியமும் 1984இல் விதிக்குள் வந்தன. வெறுங்கை 2004இல் வந்தது. இரக்கத்துக்கு மட்டும் நாம் பார்த்த எந்த நூலிலும் தனி எண் இல்லை. உருக்குலைந்த அந்த உயிரின் முன் நின்று, திருட வந்ததை மறந்து, மனித குலம் செய்த குற்றமெல்லாம் தன் தோளில் இறங்கியதுபோல் நாணும் கோனனை எந்தப் பகடையும் உருட்டித் தராது.

இதை விதிகளின் குறையாக நான் கருதவில்லை. அச்சத்தையும் ஊழையும் வறுமையையும் உலகம் பார்த்துக்கொள்ளும்போது, ஆடுபவரின் கையில் ஒரே ஒரு முடிவு மிஞ்சுகிறது: இந்த உயிரை என்ன செய்வது? ஆளை அளந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு வெகுமதி இல்லை; பொன்னோடு ஓடுவதே கெட்டிக்காரத்தனம். உலகை விதியாக்கிய பிறகு, பொன் எப்படியும் கரையும் என்று அறிந்த ஆடுபவர் அந்த அறையில் சற்று நிற்கலாம். அங்கே அவர் எடுக்கும் முடிவில்தான் கோனன் மேசைக்கு வருகிறான்.