குடல் வழியே வந்த முடி

நான்காம் நூற்றாண்டுச் சீனாவில் கே ஹொங் என்ற மருத்துவர், கடும் வயிற்றுப்போக்குக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்துக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்தார். 1958-இல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் அதையே எனிமாவாக ஏற்றி, கொடிய குடலழற்சியில் தவித்த நான்கு பேரைத் தேற்றினார்.

முடி இந்த வரலாற்றுக்குள் வந்தது தற்செயலாகத்தான். சொந்த நோயெதிர்ப்பு அணுக்களே மயிர்க்கால்களைத் தாக்கும் புழுவெட்டால் முடியிழந்த இருவருக்கு, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல்தொற்றுக்காக, ஆரோக்கியமானவரின் குடல் நுண்ணுயிர்களை மலத்தின் வழியே ஏற்றும் இந்த மலமாற்று சிகிச்சை நடந்தது. பிறகு முடி முளைக்கத் தொடங்கியது! 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள்.

இருவரின் அனுபவம் நிரூபணமாகாது. புழுவெட்டு தானாக ஆறுவதும் உண்டு. முடியிழந்து வெளியே வரக் கூசுபவர்களிடம் மலமாற்றை மருந்தென்று விற்பது கொடுமை.

2022-இல் அமெரிக்கா கடும் புழுவெட்டுக்கு அங்கீகரித்த பாரிசிடினிப் மாத்திரை குடல் நுண்ணுயிர்களை நாடவில்லை. நோயெதிர்ப்பு அணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கிறது.