கொழுப்பு உறங்குகிறதா?

நெற்குதிரை நிரப்பி வைத்தவன், பஞ்சம் வரும்வரை அதனைத் திறப்பதில்லை. உடலிற் சேரும் கொழுப்பும் அவ்வாறே அசைவற்றுக் கிடக்கும் என்றுதான் அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். உண்டது அன்றாடச் செலவுக்கு, எஞ்சியது குதிருக்கு. இந்தக் கணக்கு எவ்வாறு பிழைபட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் கூடியது என்பதைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரூல் 1823-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1904-இல் ஜெர்மானியரான பிரான்ஸ் நூப், கொழுப்பமிலத்தை உடல் இரண்டிரண்டு கார்பன் அணுக்களாகக் கழித்துச் சிதைக்கிறது என்று நாய்களைக் கொண்டு ஆராய்ந்து கூறினார். ஆயினும் ஓர் ஐயம் தீரவில்லை. இன்று உண்ட கொழுப்பையும், உடலில் முன்பே இருந்த கொழுப்பையும் எவ்வாறு வேறு பிரித்தறிவது?

அதற்கு வழி அமெரிக்காவிற் பிறந்தது. 1931-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரே கன ஹைடிரஜனைக் கண்டறிந்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றவே, யூதரான ருடால்ப் ஷேன்ஹைமர் ஜெர்மனியை விட்டு அதே பல்கலைக்கழகத்தை அடைந்தார். யூரேயின் மாணவர் டேவிட் ரிட்டன்பெர்க் அவருடன் இணைந்தார். இருவரும் ஆளிவிதை எண்ணெயிற் கன ஹைடிரஜனைச் சேர்த்து, அதனைச் சிறிதளவு சுண்டெலிகளுக்கு ஊட்டினர். அச்சிற்றளவு உடனே எரிந்துபோம் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் அதிற் பெரும்பகுதி சேமிப்புக் கொழுப்பிற் காணப்பட்டது! 1935-இல் வெளியான இம்முடிவு பழைய கருத்தைத் தகர்த்தது. குதிர் பூட்டிக் கிடக்கவில்லை. நாள்தோறும் புதியது புகுகிறது, பழையது வெளியேறுகிறது.

இப்போக்குவரத்தை ஆள்பவை எவை? இன்சுலின் கொழுப்புச் சிதைவைத் தடுக்கிறது. அட்ரினலின் அதனைத் தூண்டுகிறது. சிதைவின் முதற்படியைத் தொடங்கும் நொதி 2004-இலேதான் தெளிவாக அறியப்பட்டது.

இனி, கொழுப்பையே மிகுதியாக உண்டால் என்ன நேரும்? மாவுப்பொருளை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை உண்பவரது இரத்தத்தில் இன்சுலின் தணிகிறது; திசுக்களிற் கொழுப்புச் சிதைவு மிகுகிறது. இதை மட்டும் கேட்டு, ‘கொழுப்பை உண்டால் உடல் இளைக்கும்’ என்று முடிவு கட்டுவோர் உளர். மாணவர்களே, இங்கேதான் விழிப்பு வேண்டும். வெளியேறுவது பெருகினாலும், உள்ளே புகுவதும் பெருகினால் குதிர் குறைவது எங்ஙனம்? உண்பது செலவினும் மிகுந்தால் சேமிப்பு வளரத்தான் செய்யும்.

திங்கட் கணக்கிற் கொழுப்புணவு மிகுதியாக ஊட்டப்பட்ட எலிகளிடம் வேறொரு கேடும் காணப்பட்டது. கொழுப்பணுக்கள் பருத்தன, இன்சுலினின் தடை தளர்ந்தது, அட்ரினலினின் அழைப்புக்கும் அவை முன்போல் செவிசாய்க்கவில்லை. வேண்டியபோது கொழுப்பு போதிய அளவு வெளிவருவதில்லை. வேண்டாதபோதோ இரத்தத்திற் கசிகிறது. அவ்வாறு கசிந்தது ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது.

ஷேன்ஹைமர் 1941-இல், தமது நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பாடம் எளியது: உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மட்டும் கேட்பது போதாது, அது எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்றும் கேட்க வேண்டும். உணவைப் பற்றிய எந்த விளம்பரத்தைக் காணும்போதும் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.