மொஸ்தாச்சோலி

மொஸ்தாச்சோலி என்பது தென் இத்தாலியில் கிறிஸ்துமஸ் காலத்தில் சுடப்படும் தேன் பிஸ்கட். மைதா, தேன், ஆரஞ்சுத் தோல், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றைப் பிசைந்து, சாய்சதுரமாக வெட்டிச் சுட்டு, மேலே கறுப்புச் சாக்லேட் பூசுவது நேப்பிள்ஸ் முறை. அப்ருட்சோ, மொலீசே மாநிலங்களில் உள்ளே சாக்லேட்டும் பருப்பும் கலந்த பூரணம் வைப்பார்கள். காலாப்ரியாவிலோ பூரணமும் கிடையாது, பூச்சும் கிடையாது, மாவும் தேனும்தான். அமெரிக்காவில் சிகாகோ பக்கம் இதே பெயரில் விற்பது குழல் வடிவப் பாஸ்தா. அது வேறு பண்டம்.

தோற்றம்

இந்தப் பிஸ்கட்டின் மூதாதை ரோமானியர்களின் முஸ்தாசியம். ரோமானிய அரசியலாளர் கேட்டோ கி.மு. 160-ஐ ஒட்டி எழுதிய வேளாண்மை நூலின் 121-ஆம் பிரிவில் அதன் செய்முறை கிடைக்கிறது. ஒரு மோடியஸ் (சுமார் 8.7 லிட்டர்) கோதுமை மாவைப் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாற்றால் நனைக்க வேண்டும். சோம்பு, சீரகம், இரண்டு ராத்தல் கொழுப்பு, ஒரு ராத்தல் பாலாடைக்கட்டி, லாரல் மரக்கிளையிலிருந்து சீவிய பட்டை எல்லாம் சேர்த்து உருட்டி, அடியில் லாரல் இலை பரப்பிச் சுட வேண்டும். தேன் ஒரு துளிகூட இல்லை. இனிப்பைத் தந்தது திராட்சைச் சாறு; மாவைப் புளிக்க வைத்ததும் அதுவே.

அது கல்யாணப் பலகாரமாகவும் இருந்தது. விருந்து முடிந்து வயிறு நிறைந்து கிளம்பும் விருந்தாளிகளுக்கு முஸ்தாசியம் கொடுத்தனுப்பும் செலவைக் கவிஞர் ஜுவெனால் தன் ஆறாவது அங்கதப் பாடலில் கிண்டல் செய்கிறார். பேச்சாளர் சிசெரோவின் கேலி வேறு வகை. அமானுஸ் மலைப்பகுதியில் மலிவான வெற்றிக்கு அலைந்த ஆளுநர் பிபுலுஸ், வெற்றி வாகைக்குரிய லாரலைப் பலகாரத்தின் அடியில் தேடுகிறார் என்று நண்பர் அட்டிகுஸுக்கு எழுதினார். அடியில் இலை வைத்துச் சுடும் வழக்கம் ஊரறிந்ததாக இருந்ததால்தான் அந்தக் கேலி எடுபட்டது.

இடைக்காலத்தில் கொழுப்பும் பாலாடைக்கட்டியும் விலகி, பாதாமும் தேனும் வந்து சேர்ந்தன. இதோடு இணைத்துச் சொல்லப்படும் கதை புனித பிரான்சிஸின் கடைசி நாள்களிலிருந்து வருகிறது. 1226-இல் அசிசி அருகே மரணப் படுக்கையில் இருந்த அவர், ரோமாபுரிச் சீமாட்டி ஜாக்கொப்பா தெ செத்தெசோலி முன்பு தனக்குச் செய்து தந்த பலகாரத்தை விரும்பினார். அதைப் பாதாமும் சர்க்கரை அல்லது தேனும் சேர்ந்த பண்டம் என்றும், ரோமர்கள் அதை ‘மொர்த்தாரியோலும்’ என்பார்கள் என்றும் பிரான்சிஸ்கன் சபையின் பழைய தொகுப்பு சொல்கிறது. சீமாட்டி கொண்டுவந்தார், பிரான்சிஸால் கொஞ்சம்தான் உண்ண முடிந்தது.

1570-இல் போப் ஐந்தாம் பயஸின் சமையற்காரர் பர்த்தொலொமேயோ ஸ்காப்பி வெளியிட்ட பெரும் சமையல் நூலில் ‘நேப்பிள்ஸ் மொஸ்தாச்சோலி’ என்ற பெயர் பல இடங்களில் வருகிறது. அவர் அதைத் தட்டில் வைத்துப் பரிமாறுவதோடு நிற்கவில்லை. பொடித்துப் பூரணங்களிலும் குழம்புகளிலும் சேர்த்தார். ரோமாபுரியின் சமையற்கட்டிலேயே அந்த ஊர்ப் பெயரோடு வழங்கியதால், நேப்பிள்ஸ் வகை அப்போதே பெயர் பெற்றிருந்தது தெரிகிறது.

சாக்லேட் வந்த வழி

நேப்பிள்ஸும் சிசிலியும் இருநூறு ஆண்டுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. கொக்கோ அந்த வழியாக வந்தது. சிசிலியின் மோதிக்கா ஊரில் கொக்கோவைச் சர்க்கரையோடு குறைந்த சூட்டில் அரைக்கும் பழைய முறை இன்றும் தொடர்கிறது; அதற்கு 2018-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரின் பிறை வடிவ ’ம்பனத்திகிப் பலகாரத்தில் சாக்லேட், பாதாம் ஆகியவற்றோடு கொத்திய மாட்டிறைச்சியும் பூரணமாகச் சேரும்.

ஆனால் பிஸ்கட்டின் மேல் பளபளவென்று படியும் பூச்சு அவ்வளவு பழையதல்ல. 1828-இல் டச்சுக்காரர் வான் ஹௌட்டன் கொக்கோ வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் அழுத்தியைக் கொண்டுவந்தார். 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கட்டிச் சாக்லேட்டை வார்த்தது. 1879-இல் சுவிட்சர்லாந்தின் லிண்ட் அதை நெடுநேரம் கலக்கி வழவழப்பாக்கினார். இவற்றுக்கு முன்பு சாக்லேட் பெரும்பாலும் குடிக்கும் பொருள். எனவே இன்று காணும் பூச்சு 19-ஆம் நூற்றாண்டின் கொடை.

வகைகள்

மொஸ்தாச்சோலியை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது காலாப்ரியாவின் சொரியானோ காலாப்ரோ வகை. மாவும் தேனும் கல் போல இறுகும்வரை சுடப்படும். மீன், இதயம், குதிரை, கூடை என்று உருவங்கள் செய்து வண்ண ஜிகினாத் தாள் ஒட்டுவார்கள். கோயில் திருவிழாக்களில் தெருவோரக் கடைகளில் விற்பனை. இதய வடிவம் நிச்சயித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தரும் பரிசு. 1783 நிலநடுக்கத்தில் இடிந்த அவ்வூரின் புனித தோமினிக் மடத்தோடு இதன் பிறப்பை ஊர்க்கதை இணைக்கிறது.

இரண்டாவது நேப்பிள்ஸ் வகை. இதன் உயிர் ‘பிஸ்தோ’ என்ற மசாலாப் பொடி: இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், மிளகு, கொத்தமல்லி விதை, அன்னாசிப்பூ. பழைய முறைப்படி மாவில் முட்டையோ வெண்ணெயோ சேராது. ரொக்கொக்கோ, சுசமியெல்லி, ஸ்துருஃபொலி ஆகிய மற்றக் கிறிஸ்துமஸ் பலகாரங்களோடு ஒரே தட்டில் இது வரும்.

மூன்றாவது, திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சேர்த்த மென்மையான வகை. அப்ருட்சோ மலையூரான ஸ்கான்னோவில் இதற்குச் சாக்லேட் பூச்சு உண்டு.

நான்காவதுதான் பூரண மொஸ்தாச்சோலி. வறுத்த அக்ரூட் அல்லது பாதாம், கறுப்புச் சாக்லேட், தேன், ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை ஆகியவை பூரணம். மொந்தெபுல்சியானோ திராட்சையின் கெட்டி ஜாமை அப்ருட்சோவில் ‘ஸ்க்ருக்கியாத்தா’ என்பார்கள். அதையும் சில வீடுகளில் கலப்பதுண்டு. காம்பானியாப் பக்கம் ஹேசல் பருப்பு கைக்கு வரும். அங்குள்ள அவெல்லா ஊரின் பெயராலேயே லத்தீனில் அந்தப் பருப்பு அழைக்கப்பட்டது.

தோஸ்கானாவின் பிதில்யானோவில் யூதர் மரபில் வந்த ‘ஸ்ஃப்ராத்தோ’வும் தூரத்து உறவு. தேனும் அக்ரூட்டும் உருட்டி வைத்த அந்தக் குச்சி, 17-ஆம் நூற்றாண்டில் யூதர்களின் வீட்டுக் கதவைத் தட்டி வெளியேற்றிய தடியை நினைவூட்டுகிறது.

சுடும் முறை

அரை கிலோ மைதாவுக்குத் தேன் 200 கிராம் அளவில் எடுப்பார்கள். தேனைக் கொதிக்கவிடாமல் இளக்கி, ஆரஞ்சுச் சாறோடு மாவில் ஊற்றிப் பிசைவது வழக்கம். பிசைந்ததும் மாவு கையோடு ஒட்டும். அதற்கு மேலும் மாவைக் கொட்டினால் பிஸ்கட் வறண்டுவிடும். மூடி ஓரிரவு வைத்தால் மாவு ஈரத்தை இழுத்துத் தானே இறுகும்.

தேனில் கிட்டத்தட்ட 17 சதவீதம் நீர். மீதியில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். ஃப்ரக்டோஸ் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தேன் பிஸ்கட் வாரக்கணக்கில் கெடாமல், நாளாக நாளாக மென்மையாகிறது. அதே சர்க்கரைகள் சீக்கிரம் சிவக்கவும் செய்யும். ஆகவே 170 முதல் 180 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம் போதும்.

உப்பவைக்க அமோனியம் பைகார்பனேட் சேர்ப்பது தென் இத்தாலிப் பழக்கம். சூட்டில் அது அமோனியா, கரியமில வாயு, நீராவி எனப் பிரிந்து முழுதும் வெளியேறும். மெல்லிய பிஸ்கட்டுக்குத்தான் அது சரி. கனமான கேக்கில் வாடை உள்ளேயே தங்கிவிடும்.

பூரணத்துக்குப் பருப்பை 160 டிகிரியில் பத்து நிமிடம் வறுத்து, ஆறிய பிறகே கொத்த வேண்டும். சூடாகக் கொத்தினால் எண்ணெய் கசியும். மாவை 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, பூரணத்தை நீளமாக வைத்து, இன்னொரு தகட்டால் மூடி, ஓரத்தை ஈரவிரலால் அழுத்திச் சாய்வாக வெட்டுவார்கள். பூரணம் நீர்த்திருந்தால் நீராவி ஓரத்தைப் பிளந்துவிடும். சாக்லேட்டில் நீர் மிகக் குறைவு. சூட்டில் இளகிப் பருப்பைக் கவ்வி, ஆறியதும் மீண்டும் இறுகும்.

மேற்பூச்சுக்குக் கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி, 27 அல்லது 28-க்குக் குளிர்வித்து, மறுபடி 31 அல்லது 32-க்கு ஏற்ற வேண்டும். அப்போதுதான் கொக்கோ வெண்ணெய் சரியான படிகமாக உறைந்து பளபளக்கும், கடித்தால் ‘படக்’கென்று உடையும். இல்லையென்றால் சாம்பல் பூக்கும்.

தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் நுண்ணுயிர் வித்துகள் வீட்டு அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. ஆகவே ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்தப் பிஸ்கட்டைத் தரக்கூடாது.

இன்றைய நிலை

நவம்பர் முதல் ஜனவரிவரை இத்தாலியின் பேக்கரிகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் மொஸ்தாச்சோலி கிடைக்கிறது; வெள்ளைச் சாக்லேட், பிஸ்தா பூச்சு வகைகளும் உண்டு. தொழிற்சாலைத் தயாரிப்புகள் பலவற்றில் தேனுக்குப் பதில் சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் சேர்கின்றன.