நார்க்கொண்டம்: இடம் மாறிய ஒரு பெயர்

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த மதிலருகே உட்கார்ந்துதான் தங்கை மகன் தன் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டினான். தை மாதம், குடும்பத்தோடு அந்தமான், எட்டு நாள்.

"எல்லாம் எழுதிட்டேன் மாமா. எரிமலை ஒண்ணுதான் பாக்கி. இந்தியாவுல இப்பவும் நெருப்பு கக்குற எரிமலை அது ஒண்ணுதானாம். பாத்துட்டு வந்துடணும்."

கைபேசி வரைபடத்தில் அந்த எரிமலைத் தீவை விரலால் தொட்டான். பேரன் தீவு. வட அகலக்கோடு 12.28 பாகை என்று காட்டியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தையும் தொடச் சொன்னேன். 12.27. கிட்டத்தட்ட ஒரே கோடு. காலடியில் செங்கல்லும் சுண்ணாம்பும் உதிர்ந்து கிடந்த அந்த மதிலடியிலிருந்து நேர் கிழக்கே ஒரு நூல் பிடித்தால், சுமார் 1500 கிலோமீட்டர் கடந்து, நடுவே குறுக்கே நிற்கும் அந்தமான் தீவுகளையும் தாண்டி, அந்த நெருப்பில் போய் முட்டும். அவன் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய பட்டியலில் ஊருக்கு இரண்டு பெயர் இருந்தது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆனது. ஹேவ்லாக் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. விமானச் சீட்டில் ஒரு பெயர், விடுதிக்காரர் வாயில் ஒரு பெயர் என்று அவன் இரண்டையும் எழுதி வைத்திருந்தான். அவையெல்லாம் அரசாணையில் மாறிய பெயர்கள். என்று, யார் மாற்றினார்கள் என்பது தாளில் இருக்கிறது. அவன் விரல் வரைபடத்தில் வடக்கே நகர்ந்து இன்னொரு புள்ளியில் நின்றபோதுதான் எனக்கு உண்மையான ஆவல் பிறந்தது.

"நார்க்கொண்டம். இது என்ன மாமா, நம்ம பேரு மாதிரி இருக்கு?"

நம்ம பேர்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீவின் பெயர் அல்ல அது.

நார்க்கொண்டமும் எரிமலைதான், நெடுங்காலமாக அடங்கிக் கிடக்கும் எரிமலை. பேரன் தீவிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் வடகிழக்கில், ஏறக்குறைய நம் பழவேற்காட்டுக்கு நேர் கிழக்கே, ஆழ்கடலிலிருந்து 710 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழுந்து நிற்கிறது. உச்சிவரை அடர்ந்த காடு. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை அந்த ஒரு மலையில் மட்டும் வாழ்கிறது. ஒரு சிறிய காவல் சாவடியைத் தவிர அங்கே குடியிருப்பு கிடையாது. சுற்றுலாவுக்குப் போக முடியாது. போகாமல் இருப்பதுதான் அந்தப் பறவைக்கும் நல்லது.

இந்தப் பெயரை முதலில் பிரித்துப் பார்த்தவர் ஹென்றி யூல். மார்க்கோ போலோவின் பயண நூலை 1871இல் விரிவான குறிப்புகளோடு ஆங்கிலத்தில் பதிப்பித்தவர். அந்தக் குறிப்புகளில் ஒன்றில், நார்க்கொண்டம் என்பதில் நரகம் என்ற சொல் ஒலிக்கிறது, முழுப்பெயர் நரககுண்டமாக இருக்கலாம் என்று எழுதினார். பழைய நாளில் அந்த மலை எரிந்திருக்கலாம், கப்பலில் போன நம்மவர் அதை நரகத்தின் வாய் என்று கருதியிருக்கலாம் என்பது அவர் ஊகம்.

யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னலும் சேர்ந்து தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற சொற்களஞ்சியம் 1886இல் வந்தது. அதற்குள் ஒரு கடிதம் வந்து சேர்ந்திருந்தது. எழுதியவர் எஃப்.ஆர். மாலெட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர், இரண்டு தீவுகளிலும் இறங்கி அளந்து திரும்பியவர். நார்க்கொண்டத்தில் குழியே இல்லை, அது அணைந்து பல ஆயிரம் ஆண்டுகள் இருக்கும், நரகக் குழி என்ற பெயர் அதற்குத் துளியும் பொருந்தாது என்றார். பேரன் தீவுக்கோ அச்சாகப் பொருந்தும். இரண்டு தீவுகளுக்கும் இடையே பெயர் குழம்பியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

யூல் சொல்லை மட்டும் கேட்டார். மாலெட் மலையையும் பார்த்தார். சொல்லாராய்ச்சியில் இந்த இரண்டாவது வேலையை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். 'நார் நிறைந்த கொண்டை' என்று நார்க்கொண்டத்துக்குப் பொருள் சொல்லலாம், மலைக்குத் தெலுங்கில் 'கொண்ட' என்று சொல்வதையும் துணைக்கு இழுக்கலாம். காதுக்கு இனிக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான காட்டு மலைகள் இருக்க, இது ஒன்றை மட்டும் ஏன் அப்படி அழைத்தார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஒலிகளைப் பார்ப்போம். நரக, குண்டம் என்று இரண்டு ககரம் அடுத்தடுத்து வருகிறது. வேகமாகச் சொன்னால் நாக்கு ஒன்றை விழுங்கிவிடும், நர்குண்டம் ஆகும். நடுவில் அசை உதிர்வதற்கு நம் கரையிலேயே சாட்சி உண்டு. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் வாயில் தேய்ந்து சத்ராஸ் ஆனது, கோட்டைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. அடுத்தது குண்டம் எப்படிக் கொண்டம் ஆனது என்பது. பேச்சுத்தமிழில் குடம் கொடமாகும், குழம்பு கொழம்பாகும். ஆனால் உகரத்துக்குப் பின் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நாம் இப்படி மாற்றுவதில்லை. கும்பம் கும்பம்தான், குண்டம் குண்டம்தான். ஆகவே இந்த ஒகரம் அயலார் காதில் விழுந்தது. கும்பகோணத்தை ஆங்கிலேயர் 'கொம்பகோணம்' என்று ஒகர எழுத்துப் போட்டு எழுதிய அதே காது.

கடைசியில் நிற்கும் 'அம்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடக்கே 'குண்ட்' என்பார்கள், வங்காளத்தில் 'குண்டோ' என்பார்கள். குண்டம் என்று மகர ஒற்றில் முடிப்பது தெற்கத்தி வழக்கம். போர்த்துக்கீசியர் சில ஊர்ப்பெயர்களின் கடைசியில் தாங்களே மூக்கொலி சேர்த்தது உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து வழக்காட மாட்டேன். ஆனாலும் அந்தத் தீவுக்குப் பெயர் வைத்தவன் சோழமண்டலக் கரையிலிருந்து, தமிழோ தெலுங்கோ பேசிக்கொண்டு போனவன் என்றே என் மனம் சொல்கிறது.

அவனை நினைத்துப் பாருங்கள். நம் கரையில் எரிமலை கிடையாது. எரிகிற மலையை அவன் அதுவரை கண்டதில்லை, அதற்கென்று ஒரு சொல் அவன் கையில் இல்லை. அவனுக்குத் தெரிந்த பெரு நெருப்பு குண்டத்து நெருப்பு. ஓம குண்டம் தெரியும், தீமிதிக்கு வெட்டும் அக்கினி குண்டம் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிக்கு முன் விறகு எரிந்து தணிந்து, சாம்பல் பூத்த கங்கை முறத்தால் விசிறும்போது, குழியின் நான்கு கரைக்குள்ளும் செம்மை ஏறி இறங்கும். பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காந்தும். அதைப் பார்த்தவர்களுக்குப் பேரன் தீவின் அமைப்பைச் சொன்னால் உடனே புரியும்: சுற்றிலும் வட்டமாகச் செங்குத்து மதில், நடுவே கருஞ்சாம்பல் குன்று, அதன் உச்சியில் நெருப்பு. மதில் ஓரிடத்தில் மட்டும் உடைந்து கடலுக்குத் திறந்திருக்கிறது. அந்த உடைப்பு மேற்கே, நம் பக்கம் பார்த்து இருக்கிறது. கப்பலிலிருந்து அதன் வழியாக உள்ளே பார்த்தவன் மலை என்று சொல்லாமல் குண்டம் என்று சொன்னதில் ஓர் அச்சுப் பிசகாத துல்லியம் இருக்கிறது. மனிதக் கை வெட்டாத குண்டம் என்பதால் முன்னால் நரகத்தைச் சேர்த்தான்.

எழுத்தில் அந்தத் தீவின் சீற்றம் முதலில் பதிவானது 1787இல். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் கண்டு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடங்கிய மலை 1991இல் மறுபடி விழித்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நம் ஆலம்பரை மதிலையும் சிதைத்து, மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகளைக் காட்டிப் போன ஐந்து மாதத்தில், 2005 மே மாதம், அது மீண்டும் பொங்கியது. ஆனால் நார்க்கொண்டம் என்ற பெயர் 1787க்கு முந்தைய ஐரோப்பியக் கடல் வரைபடங்களிலேயே இருக்கிறது. மாலெட் சொன்னது சரியென்றால், யாரும் நாள் குறித்து வைக்காத ஒரு பழைய சீற்றத்துக்கு அந்தப் பெயர்தான் சாட்சி. கண்டவன் எழுதவில்லை, அழைத்தான்.

பிறகு ஏன் பெயர் வழுக்கி அடுத்த தீவில் போய் உட்கார்ந்தது? அந்தமானுக்குக் கிழக்கே தனித்து நிற்கும் எரிமலைகள் இரண்டே. பேரன் தீவு நார்க்கொண்டத்தின் உயரத்தில் பாதிதான், மாலுமிக்கு வெகு தொலைவிலிருந்து கண்ணில் படுவது நார்க்கொண்டமே. அந்தமானுக்கு அப்பால் நரககுண்டம் என்று துறைமுகத்தில் கேட்டு எழுதிய வரைபடக்காரன் பெரிய புள்ளியின் மேல் அதை எழுதியிருப்பான். பெயரில்லாமல் மிஞ்சிய தீவை, புல் பூண்டற்றது என்ற பொருளில் ஆங்கிலேயர் பேரன் என்றார்கள். திருத்திச் சொல்ல இரண்டிலும் குடியிருந்தவர் ஒருவரும் இல்லை.

இதை நான் சொன்ன இடம் இடைக்கழிநாடு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, இடையில் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் பேரூராட்சிப் பலகையில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. தாத்தா சொன்னதைப் பேரன் சொல்ல, பெயர் மண்ணை விட்டு நகரவில்லை. ஆளில்லாத தீவின் பெயருக்கு அந்தக் காவல் இல்லை. கடந்து போகிறவர்களின் நாக்கில் மட்டுமே அது வாழ்கிறது.

கடந்து போனவர்கள் வைத்த பெயரும் கல்லில் ஏறிவிட்டால் தப்பிக்கிறது. 1025இல் கடல் கடந்து படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் வரும் மாநக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார். நக்கம் என்றால் ஆடையின்மை. மார்க்கோ போலோ அதையே நெக்குவெரான் என்று கேட்டார். வாரம் 'பார்' ஆனாலும் பெயர் தன் தீவை விட்டுப் போகவில்லை. மணிமேகலையில் கப்பல் உடைந்து சாதுவன் கரையேறும் இடமும் ஆடையற்ற நாகர்களின் மலைப்பக்கம்தான். அதை நிக்கோபார் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு, நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

ஆள் இருந்தும் பெயர் மாறிய ஊர் நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. மாமல்லன் என்ற நரசிம்மவர்மனின் பெயரால் மாமல்லபுரம், பிற்காலத்தில் மகாபலிபுரம். வராக மண்டபத்தில் திரிவிக்கிரமன் காலைத் தூக்கி நிற்கும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட மகாபலிதான் இந்த ஊருக்குப் பெயர் தந்தான் என்று நம்புவதில் வியப்பில்லை. கடலில் வந்த ஐரோப்பியர் இரண்டையும் விட்டு ஏழு கோயில் என்றார்கள். மலையுச்சியில் இருக்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலில், இப்போதைய கலங்கரை விளக்கம் வருவதற்கு முன் மாலுமிகளுக்கு விளக்கு எரிந்தது. உழக்கு எண்ணெய் ஊற்றி விளக்கேற்றிய ஈஸ்வரர், உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்பதே தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். நெருப்பைப் பார்த்து வழி கண்டவர்களுக்கு நெருப்பை வைத்துப் பெயரிடுவது இயல்பு என்பதால் எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும்.

வெயில் தாழ்ந்தது. கழியின் அக்கரையிலிருந்து ஒரு படகு வந்து மணலில் ஏறியது. அவன் திட்டத்தை மறுபடி திறந்தான். செய்ய முடிந்ததைச் சொன்னேன். பேரன் தீவில் சுற்றுலாப் பயணிகளை இறங்க விடமாட்டார்கள், அனுமதி பெற்ற கப்பலில் சுற்றிவந்து பார்க்கலாம். ஸ்ரீ விஜய புரத்திலிருந்து சுமார் 135 கிலோமீட்டர், கடல் அமைதியாக இருந்தால் மட்டுமே போக முடியும், அதனால் முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டு வை. அது அமையாவிட்டால் பாராட்டாங் தீவில் சேற்று எரிமலை இருக்கிறது. கொப்பளிக்கும் சேறுதான், நெருப்பு இல்லை, பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வழி ஜாரவாக்களின் காட்டுக்குள் போகிறது, வண்டியை நிறுத்தவோ படமெடுக்கவோ கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடு.

ஐந்தாம் நாளில் 'பேரன் தீவு' என்று அடித்திருந்ததற்குப் பக்கத்தில் 'நரககுண்டம்' என்று சேர்த்துக்கொண்டான்.

"கப்பல்ல எந்தப் பக்கம் நிக்கணும் மாமா?"

"தீவுக்கு மேற்கால வரும்போது மதில் உடைஞ்சு திறந்திருக்கும். அந்த நேரத்துக்கு அம்மாவையும் பிள்ளைங்களையும் மேல்தளத்துக்குக் கூட்டிட்டு வந்துடு."