அடுப்பங்கரையின் புகை

வீடு கட்டும்போது கூடத்திற்குச் சாளரம் வைத்தோம். செபம் சொல்லும் இடத்தில் விளக்கு வைத்தோம். அடுப்பங்கரையை மட்டும் பின்புற மூலைக்கு ஒதுக்கி, அங்கே தேங்கிய புகையைப் பெண்களின் பங்காக விட்டுவிட்டோம். ஊதுகுழலும் கையுமாகக் கண் கசக்கி நின்ற அன்னையரைக் காணாதவர் நம்மில் யார்? ஆனால் அந்தக் கண்ணீருக்கு மாற்றுத் தேடியவர்கள் மிகச் சிலரே. அவர்களது வரலாறு நாம் அறியத்தக்கது.

1892-ஆம் ஆண்டு தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. 1934-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக அவர் வார்தாவில் உழைத்தார். அச்சங்கம் இயங்கிய மகன்வாடியின் பெயரைத் தாங்கியே 1940-களில் புகைபோக்கியுடன் கூடிய 'மகன் அடுப்பு' தோன்றியது. பின்னர் ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, ஏழைகளும் அமைத்துக்கொள்ளத்தக்க மண் அடுப்பொன்றை வடிவமைத்தார். நம் கொடியடுப்பைப் போல ஒரே தீயின் வெம்மை அடுத்தடுத்த பானைகளைச் சூடேற்றும். எஞ்சிய புகை குழாய் வழியே கூரைக்கு மேலே வெளியேறும். கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை என்னும் கருத்தைத் தலைப்பாகவே கொண்ட அவரது ஆங்கில நூலை 1953-இல் வெளியிட்டது சென்னையிலுள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்.

வழி தெரிந்திருந்தும் புகை அகலவில்லை. அது நோய்க்குக் காரணம் என்பதை அளந்து காட்ட வேறொரு தலைமுறை வரவேண்டியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத்தின் நான்கு சிற்றூர்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றையே அளந்தனர். நகரத்துத் தெருவின் மாசையும் விஞ்சியது அடுக்களையின் மாசு.

1983-இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கில் அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் 2002-இல் அத்திட்டத்தை நடுவண் அரசு கைவிட்டது. பல வீடுகளில் குழாய் கரியால் அடைபட்டது, அடுப்பு வெடித்தது, பானை வாய்க்குப் பொருந்தவில்லை. எத்தனை அடுப்புகள் என்று கணக்கெடுத்தவர்கள், அவற்றின்முன் அமரும் பெண்ணின் வசதியைப் போதிய அளவு கேட்கவில்லை. 2016-இல் வந்த உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பைத் தந்தது. ஆயினும் உருளையை மீண்டும் நிரப்பப் பணமின்றி விறகுக்கே திரும்பும் வீடுகள் உண்டு.

2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் தாமே கரிநெருப்பு மூட்டி, களைத்து வந்த சீடர்களுக்கு மீனும் அப்பமும் அளித்தார் என்கிறது யோவான் நற்செய்தி. அடுப்பருகே அமர்வதை அவர் தாழ்வாகக் கருதவில்லை. நாமோ, நமக்கு உணவளிக்கும் கைகளுக்குரியவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்றுகூடப் பாராமல் உண்டு எழுகிறோம். கூரையில் ஒரு புகைபோக்கி, சுவரில் ஒரு சாளரம், அண்டை வீட்டு ஏழைத்தாய்க்கு ஓர் உருளைக்கான உதவி: இவையும் அன்பின் செயல்களே. அடுப்பங்கரைக்குள் நாம் ஒரு நாழிகை அமர்ந்து பார்த்தால், செய்ய வேண்டியது எதுவென்று நம் கண்களே சொல்லிவிடும்.