பருவம் என்னும் எல்லைக்கோடு: ஜெர்மானிய வேளாண்மையில் போலந்துத் தொழிலாளர்

ஜெர்மனியில் வெள்ளை அஸ்பாரகஸ் அறுவடை ஏப்ரலில் தொடங்கி, மரபுப்படி ஜூன் 24இல் முடிகிறது. தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த இப்பயிரின் தண்டு மண்ணுக்கு மேல் தலைகாட்டுவதற்கு முன்பே அதனை ஒவ்வொன்றாகத் தோண்டி, கையால் வெட்டியெடுக்க வேண்டும். இவ்வேலைக்கு வரும் அயலாரைப் 'பருவத் தொழிலாளர்' என்பதால், அப்பருவத்தை வகுத்தது பயிரே என்று தோன்றக்கூடும். அரசாணைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் தங்கிவிடக் கூடாது என்ற இரு விருப்பங்களையும் ஒருசேர நிறைவேற்றும் கருவியாக அரசுகள் பருவத்தை வகுத்துக்கொண்டன. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த பின்னரும் இக்கருவி கைவிடப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து என்றொரு நாடு இல்லை. அதன் நிலப்பரப்பு ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய மூன்றிடமும் பிரிந்து கிடந்தது. 1885இல் பிஸ்மார்க்கின் அரசு பிரஷ்யக் குடியுரிமையற்ற போலந்தியரையும் யூதரையும் வெளியேற்றத் தொடங்கியது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கேயிருந்த பெருநிலக்கிழார்களுக்கோ வேலையாள் கிடைக்கவில்லை. உள்ளூர் உழைப்பாளிகள் மேற்கின் தொழில் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர். நிலக்கிழார்களின் நெருக்குதலால் 1890இல் எல்லை மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும், அயல்நாட்டுப் போலந்தியர் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 15 வரை மட்டுமே தங்கலாம் என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் இக்கெடு நீட்டிக்கப்பட்டு, டிசம்பர் 20 முதல் பிப்ரவரி 1 வரையிலான குளிர்காலத்தில் மட்டும் அவர்கள் கட்டாயமாக நாடு திரும்ப வேண்டும் என்றானது. இத்தாலியருக்கோ டச்சுக்காரருக்கோ இவ்விதி இல்லை. வேளாண்மையின் தேவை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டிற்கு இடமிருந்திராது. கிழக்கு எல்பேப் பகுதியின் உழவுத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1892இல் வெளியிட்ட மாக்ஸ் வெபர், 1895ஆம் ஆண்டின் ஃபிரைபுர்க் உரையில் கிழக்கு எல்லையை மூடவே வலியுறுத்தினார். குளிர்காலத் திரும்புகை விதி, அக்கோரிக்கைக்கும் நிலக்கிழார்களின் தேவைக்கும் இடையிலான சமரசம் எனலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது போலந்தியர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டது தனி ஆய்வுக்குரியது.

1990 டிசம்பரில் ஜெர்மனியும் போலந்தும் செய்துகொண்ட உடன்பாடு பழைய ஏற்பாட்டைப் புதிய சட்ட வடிவில் மீட்டெடுத்தது. உரிமத்தின் உச்ச காலம் 3 மாதம். உள்நாட்டில் ஆள் இல்லை என்பதை வேலைவாய்ப்பு அலுவலகம் உறுதிசெய்ய வேண்டும். உரிமமோ குறிப்பிட்ட முதலாளியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான பண்ணையாளர்கள் முன்னாண்டு வந்தவரையே பெயர் குறித்து அழைத்தனர். இதனால் ஒரே குடும்பத்தார் ஆண்டுதோறும் ஒரே பண்ணைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டின் அழைப்பு முதலாளியின் கையில் இருந்தமையால், கூலி குறித்தோ தங்குமிடம் குறித்தோ வாய்திறப்பது எளிதாக இருக்கவில்லை. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் பருவ உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பான்மை போலந்தியருக்குரியவை.

2004 மே 1 அன்று போலந்து ஒன்றியத்தில் இணைந்தது. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகியவை தம் தொழிற்சந்தையை உடனே திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இணைப்பு உடன்படிக்கை அனுமதித்த 2+3+2 ஆண்டு இடைக்கால ஏற்பாட்டை முழுமையாகப் பயன்படுத்தி 2011 ஏப்ரல் 30 வரை கதவைச் சாத்தி வைத்தன. போலந்தியர் ஒருவர் ஜெர்மனிக்குத் தடையின்றிச் செல்லலாம், தொழில் தொடங்கலாம். கூலிக்கு வேலை செய்ய மட்டும் உரிமம் வேண்டும். 2005இல் ஜெர்மனியின் வேலையில்லாதோர் எண்ணிக்கை 50 இலட்சத்தைத் தாண்டியபோது அரசு பருவ உரிமத்தில் கைவைத்தது. முன்னாண்டு எண்ணிக்கையில் 80 விழுக்காட்டுக்கே 2006இல் உறுதி தரப்பட்டது. உள்நாட்டவர் கிடைக்காவிடில் மேலும் 10 விழுக்காடு. போலந்தியர் பலர் அதற்குள் பிரிட்டனை நோக்கி நகர்ந்துவிட்டனர். யாரைத் தடுக்க விதி வகுக்கப்பட்டதோ, அவர்களே வராமற்போயினர்.

இதன் மறுபக்கம் போலந்தின் தோட்டங்களில் தெரிந்தது. வார்சாவுக்குத் தெற்கே குரூயெட்ஸ் வட்டாரத்தின் ஆப்பிள் தோட்டங்களுக்கும், பிற இடங்களின் ஸ்ட்ராபெரி வயல்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஒன்றிய விதிகளுக்கு இணங்க 2003 அக்டோபரில் உக்ரைனியருக்கு விசா விதித்திருந்த அதே போலந்து, 2006இல் உக்ரைன், பெலாரஸ், ரஷ்ய நாட்டவர் பணி உரிமமின்றி வேளாண் வேலை செய்ய இசைந்தது. கால வரம்பு, 6 மாதங்களில் 3 மாதம். ஜெர்மனி 1990இல் போலந்தியருக்கு விதித்ததும் 3 மாதமே. நேற்று விருந்தாளியாக நிறுத்தப்பட்ட நாடு, வாயிற்காவலின் வேலையை விரைவாகவே கற்றுக்கொண்டது.

தடையற்ற இடப்பெயர்வு வந்த பின்னர் ஜெர்மனியில் உரிமம் தேவையற்றதாயிற்று. பருவமோ சமூகக் காப்பீட்டுச் சட்டத்துக்குள் குடியேறியது. பிழைப்புக்கு அதையே முதன்மையாக நம்பியிராதவர் குறுகிய காலம் வேலை செய்தால் அதற்குச் சமூகக் காப்பீட்டுக் கட்டணம் இல்லை என்பது விதி. 2015இல் அக்காலம் 70 நாளாக்கப்பட்டது. 2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டிருந்தபோதும், ஏப்ரல், மே மாதங்களுக்கு மாதம் 40,000 பேர் வீதம் பருவத் தொழிலாளரை அழைத்துவர ஜெர்மனி அனுமதித்தது. அவர்களில் பெரும்பாலோர் ருமேனியர்; விமானத்தில் வந்தவர்கள். அவ்வாண்டு 70 நாள் தற்காலிகமாக 115 நாளாக உயர்த்தப்பட்டது. அவ்விதியின் கீழ் வேலை செய்தவருக்கு அந்த 115 நாளில் ஒரு நாள்கூட ஜெர்மானிய ஓய்வூதியக் கணக்கில் ஏறவில்லை.